ஜெயிச்சா கைதட்டல், தோத்தா தனிமை: இளம் வீரர்களுக்கு கயிறு பிடிப்பது யார்?

2022 மே 23. ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி, இந்தியா - பாகிஸ்தான் ஆட்டம். இந்திய சீனியர் அணிக்காக முதன்முறையாகக் களமிறங்கிய கார்த்தி செல்வம், முதல் கால் பகுதியிலேயே கோல் அடித்தார். கடைசி நிமிடங்களில் பாகிஸ்தான் சமன் செய்ய, ஆட்டம் 1-1 என முடிந்தது. பின்னர் இந்தோனேசியாவை பெரிய கோல் வித்தியாசத்தில் வீழ்த்தினால்தான் அடுத்த சுற்று என்ற நிலை. 16-0 என்று வென்றது இந்தியா. தொடரின் முடிவில் வெண்கலமும் வந்தது.

கார்த்தி அரியலூர்க்காரர். அதே அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். இருவரையும் உருவாக்கியது தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியில் உள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி மையம். எளிய குடும்பத்துப் பிள்ளைகள், அரசு விடுதி, இந்திய ஜெர்சி. ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டிய கதைதான்.

ஆனால் இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஒரு பகுதி இருக்கிறது. பதினாலு வயசுல வீட்டை விட்டு விடுதிக்கு வரும் ஒரு பையன், இருபது வயசுல தேசிய முகாமில் நிற்பதற்குள் அவன் மனசுக்குள் என்னவெல்லாம் நடக்கிறது? அதை யாரிடம் சொல்கிறான்? சொன்னால் அணியில் இடம் இருக்குமா?

குவாட்டர்பேக் சொன்ன உண்மை

இந்தக் கேள்வியை உலகம் சத்தமாகப் பேச ஆரம்பித்தது சமீப காலத்தில்தான். அமெரிக்கக் கால்பந்தில் 'குவாட்டர்பேக்' என்று ஒரு இடம் உண்டு. ஆட்டத்தின் மூளை அவர்தான். பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எதிரணியின் ஆஜானுபாகுவான ஆட்கள் அவரை நோக்கிப் பாய்ந்து வருவதற்குள், சில நொடிகளில் யாருக்கு வீசுவது என்று முடிவெடுக்க வேண்டும். ஜெயித்தால் பாதிப் பெருமை அவருக்கு. தோற்றால் முழுப் பழியும் அவருக்கு.

டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட். கல்லூரியில் விளையாடிக்கொண்டிருந்தபோதே, 2013-ல், அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2020 ஏப்ரலில் அவருடைய அண்ணன் தற்கொலையால் இறந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில், சீசன் தொடங்கும் நேரத்தில், தனக்கு மனப்பதற்றமும் மனச்சோர்வும் இருந்ததை பிரெஸ்காட் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 27.

உடனே ஒரு டிவி விமர்சகர், 'அணித் தலைவன் பலவீனத்தை வெளியே காட்டலாமா?' என்று கேட்டார். அந்தக் கருத்தோடு தங்களுக்கு உடன்பாடு இல்லை என்று அவர் வேலை பார்த்த சேனலே அறிக்கை விட்டது. பிரெஸ்காட்டின் பதில் எளிமையானது: தலைவனாக இருப்பவன் உண்மையாக இருக்க வேண்டும், தன் வலியை மறைக்கத் தேவையில்லை. அடுத்த மாதமே கணுக்கால் முறிந்து சீசனை இழந்தார். ஆனாலும் 2021 மார்ச்சில் அதே அணி அவருடன் 4 ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. மனசைப் பற்றிப் பேசினால் மார்க்கெட் போயிடும் என்ற பயத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

'அது அமெரிக்கா பாஸ், இங்க வேற' என்று சொல்லத் தோன்றும். சரி, சென்னைக்கே வருவோம்.

வருணுக்கு நடந்தது

கட்டடக் கலை படித்துவிட்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர் வருண் சக்கரவர்த்தி. 2021-ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த டி20 உலகக் கோப்பை, அவருக்குக் கிடைத்த பெரிய மேடை. 3 ஆட்டங்கள் ஆடினார். ஒரு விக்கெட்கூட விழவில்லை. இந்தியா சூப்பர் 12 சுற்றைத் தாண்டவில்லை. வருண் அணியில் இருந்து காணாமல் போனார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை 2025 மார்ச்சில் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். ஊருக்குத் திரும்புவதற்கு முன்பே மிரட்டல் போன்கள் வந்தன. விமான நிலையத்தில் இருந்து வரும்போது சிலர் பின்தொடர்ந்தார்கள். வீடு வரை தேடி வந்தவர்களும் உண்டு. மனச்சோர்வில் விழுந்தார். விக்கெட் எடுக்காததுதான் அவர் செய்த ஒரே 'குற்றம்'.

மீண்டும் இந்திய டி20 அணிக்குள் வர அவருக்கு 2024 அக்டோபர் வரை ஆனது. இடைப்பட்ட காலத்தில் தன் தினசரி வழக்கத்தையும் பயிற்சி முறையையும் அடியோடு மாற்றினார். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்களுக்கு 5 விக்கெட். தொடரில் 3 ஆட்டங்களில் 9 விக்கெட். கோப்பை இந்தியாவுக்கு.

இதைப் படித்ததும் 'பார்த்தீங்களா, கஷ்டப்பட்டாதான் சாதிக்க முடியும்' என்று ஸ்டேட்டஸ் போடுவது சுலபம். ஆனால் அது தப்பான பாடம். மிரட்டல் போன்கள் வருணை உருவாக்கவில்லை. அவற்றையும் மீறி அவர் தன்னை உருவாக்கிக்கொண்டார். கரை சேர்ந்தவர்களை மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நடுவில் மூழ்கியவர்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. 'தண்ணில தள்ளிவிட்டா நீச்சல் தானா வரும்' என்ற பழைய கணக்கில் இருக்கும் ஓட்டை இதுதான்.

பிரஷர் வரும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஹாக்கியில் ஆட்டம் சமனில் முடிந்து ஷூட்-அவுட் வந்தால், 23 மீட்டர் கோட்டில் இருந்து பந்தோடு கிளம்பி, கோல்கீப்பரைத் தாண்டி கோல் அடிக்க ஒரு வீரருக்குக் கிடைப்பது 8 நொடிகள்தான். பயிற்சியில் நூற்றுக்கணக்கான முறை செய்த அதே வேலை. ஆனால் ஆட்டத்தில் கை தடுமாறுகிறது. ஏன்?

நன்றாகப் பழகிய ஒரு திறமையை மூளை யோசிக்காமலேயே செய்யும். தினமும் பைக் ஓட்டுபவர் கிளட்ச் பற்றி யோசிப்பதில்லை. 'தப்பாயிடுமோ' என்ற பயம் வந்ததும், தானாக நடக்கும் வேலையை மூளை கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அசைவையும் மேற்பார்வை பார்க்க ஆரம்பிக்கிறது. மணிக்கட்டு சரியா இருக்கா, கால் சரியா இருக்கா என்று கேட்கிறது. இயல்பான ஓட்டம் அங்கேதான் உடைகிறது. இதயத் துடிப்பு ஏறுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, பார்வை குறுகுகிறது.

இதற்குப் பழக்கக்கூடிய வழிகள் இருக்கின்றன. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவது துடிப்பைக் குறைக்க உதவும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான சின்னச் சடங்கை வைத்துக்கொள்வது கவனத்தை 'முடிவு' என்பதில் இருந்து 'இப்போதைய வேலை' என்பதற்குத் திருப்பும். தோற்ற ஆட்டத்தை உடனே விட்டுவிட்டு அடுத்ததற்குத் தயாராவதையும் கற்றுக்கொள்ள முடியும்.

குகேஷ் இதற்கு நல்ல உதாரணம். 2024-ல் சிங்கப்பூரில் டிங் லிரனுக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப்பில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். 3-வது ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். 11-வது ஆட்டத்தில் வென்று முன்னிலை, 12-வதில் தோல்வி, மறுபடியும் சமன். டிசம்பர் 12-ம் தேதி 14-வது ஆட்டத்தை வென்று, 7.5 - 6.5 என்ற கணக்கில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அந்தப் பயணத்தில் செஸ் பயிற்சியாளர்களோடு இன்னொருவரும் அவருடன் வேலை செய்தார்: மனப்பயிற்சியாளர் பேடி அப்டன். 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியுடன் இருந்தவர். 2023-ல் இருந்து இந்திய ஹாக்கி அணியுடனும் பணியாற்றினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் 1-3 என்று பின்தங்கி, மலேசியாவை 4-3 என்று இந்தியா வென்றதே, அந்த அணியில் கார்த்தியும் இருந்தார்.

ஆக, மனசுக்கும் கோச் வேண்டும் என்பது இந்திய விளையாட்டுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிரச்சினை வேறு. உச்சத்துக்குப் போனவருக்குத்தான் அது கிடைக்கிறது. அதிகம் தேவைப்படுவதோ, அந்த உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும் பதினாறு வயசுப் பையனுக்கும் பொண்ணுக்கும்.

களத்துக்கு வெளியே இருக்கும் பாரம்

மூச்சுப் பயிற்சியால் தீராத பிரஷரும் இருக்கிறது. கோவில்பட்டி தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் போன ஊர். இங்கே பல வீடுகளில் ஹாக்கி மட்டை என்பது பொழுதுபோக்கு கிடையாது. அது ஒரு வேலைக்கான விண்ணப்பம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, வங்கி, காவல்துறை என அணி வைத்திருக்கும் இடங்களில் ஒரு வேலை கிடைத்தால் வீட்டுக் கடன் அடையும், தங்கச்சி கல்யாணம் நடக்கும். ஒரு தேர்வு முகாமில் ஒரு பையன் பந்தைத் தவறவிட்டால், அவன் மனசுக்குள் தவறிப்போவது இதெல்லாமும்தான்.

அதோடு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்ற போன், காதல் முறிவு, முழங்கால் காயம், பாதியில் நிற்கும் டிகிரி. ஜெயித்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, வாழ்நாள் இலக்கை எட்டிய பிறகு தன்னை ஒரு பெரிய வெறுமை பிடித்துக்கொண்டதைப் பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு அணி எப்படி நடந்துகொள்ள வேண்டும்? 2024 பிப்ரவரியில் ராஜ்கோட் டெஸ்ட் அதைக் காட்டியது. பிப்ரவரி 16-ம் தேதி அஸ்வின் தன் 500-வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். அன்று இரவே அம்மாவின் உடல்நிலை மோசம் என்ற செய்தி. டெஸ்ட்டின் நடுவே ஒரு முக்கியப் பந்துவீச்சாளர் போனால் அணி ஒரு ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும். ஆனாலும் கேப்டன் ரோஹித் சர்மாவும் பயிற்சியாளர் ராகுல் டிராவிட்டும் 'முதல்ல கிளம்பு' என்றுதான் சொன்னார்கள். தனியாகப் போக வேண்டாம் என்று அணியின் பிசியோவையும் கூட அனுப்பினார் ரோஹித். இதை அஸ்வினே பின்னர் நெகிழ்ந்து சொன்னார். அம்மாவைப் பார்த்துவிட்டு நான்காம் நாள் திரும்பி வந்து பந்து வீசினார். இந்தியா 434 ரன்களில் ஜெயித்தது.

அஸ்வின் 500 விக்கெட் எடுத்தவர். அவர் கேட்டால் அணி விடும். முதல் முகாமுக்கு வந்திருக்கும் ஒரு பையன் அதே மாதிரி 'சார், வீட்டுக்குப் போகணும்' என்று கேட்க முடியுமா? 'இவன் சீரியஸா இல்ல' என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்வான். விதி இருந்தால் அவன் கேட்பான். பெரிய மனசை மட்டும் நம்பியிருந்தால் கேட்க மாட்டான்.

முத்துக்குளித்துறை சொல்லித் தரும் பாடம்

இதே மாவட்டத்தின் கடற்கரைக்கு இது புதிய விஷயமே இல்லை. தூத்துக்குடி முத்துக்குளிப்புக்குப் பெயர் பெற்றது. இந்தப் பக்கம் பெரிய அளவிலான கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துபோனது. அந்தக் காலத்தில் கல்லின் பாரத்தோடு கடலுக்குள் இறங்கும் ஒவ்வொருவருக்கும், மேலே படகில் கயிறு பிடிக்க ஒருவர் இருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்ததும் தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. காரணம் எளிது: கீழே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் வாழ்க்கை போவது தன் அக்காவுக்கோ தங்கச்சிக்கோதான் என்பது அவருக்குத் தெரியும்.

குளிக்கிறவர் எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் கயிறு இல்லாமல் இறக்கியதில்லை. கயிறு கேட்டவரைக் கோழை என்று யாரும் சொன்னதுமில்லை. அது தொழிலின் ஒரு பகுதி. இன்றைய இளம் வீரருக்குக் கயிறு பிடிப்பது யார் என்பதுதான் கேள்வி. முத்து கிடைத்தால் பங்கு கேட்க ஆயிரம் பேர் வருவார்கள். மூச்சு முட்டும்போது இழுக்க ஒருவர் வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒன்று, ஒவ்வொரு அரசு விளையாட்டு விடுதிக்கும் முறையாகப் படித்த ஒரு உளவியலாளர், குறித்த நாளில் தவறாமல் வர வேண்டும். பிரச்சினை வந்த பிறகு கூப்பிடும் ஆளாக இல்லாமல், பிசியோ மாதிரி வழக்கமான ஆளாக இருக்க வேண்டும். எல்லோரும் போய்ப் பேசினால்தான், பேசப் போகிறவரை யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

இரண்டு, அங்கே பேசுவது தேர்வாளர் காதுக்கும் பயிற்சியாளர் காதுக்கும் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விதிவிலக்கு. இந்த உத்தரவாதம் இல்லாவிட்டால் எந்தப் பையனும் உண்மையைச் சொல்ல மாட்டான், அறை மட்டும் காலியாக இருக்கும்.

மூன்று, அணியில் இருந்து நீக்கப்படுகிறவருக்கு அதை முதலில் சொல்வது வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலாக இருக்கக் கூடாது. பயிற்சியாளர் நேரில் உட்கார வைத்து, ஏன், இனி என்ன செய்யலாம் என்று பத்து நிமிடம் பேச வேண்டும். இதற்குப் பைசா செலவில்லை. கார்த்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் கோப்பை வென்ற அடுத்த மாதம் தொடங்கிய ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி அணியில் அவர் இல்லை, 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியிலும் இல்லை. தேர்வில் சரி தப்பு என்பது வேறு விவாதம். ஆனால் எவ்வளவு நல்ல வீரருக்கும் இந்த ஏற்ற இறக்கம் வரும் என்பதால், அதைக் கையாள்வதும் பயிற்சியின் பகுதியாக வேண்டும்.

நான்கு, குடும்ப அவசரத்துக்கு விடுப்பு என்பது எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். போய்வந்தவரின் இடம் அந்தக் காரணத்துக்காகப் பறிபோகக் கூடாது.

ஐந்து, படிப்பு. ஹாக்கி மட்டும்தான் வாழ்க்கை என்று இருப்பவருக்கு ஒவ்வொரு ஆட்டமும் வாழ்வா சாவா போராட்டம். கையில் ஒரு டிகிரியோ தொழிலோ இருந்தால், தோல்வி வெறும் தோல்வியாக மட்டும் இருக்கும்.

'இதுக்கெல்லாம் பணம் எங்கே?' என்ற கேள்வி வரும். ஒரு செயற்கைப் புல்தரை போடக் கோடிக்கணக்கில் செலவாகிறது. அதன் மேல் ஓடப்போகும் பிள்ளைகளின் மனசுக்கு ஒரு ஆளின் சம்பளம் அதிகம் என்று சொல்வது விநோதமான சிக்கனம். 'அந்தக் காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?' என்றும் கேட்பார்கள். அந்தக் காலத்தில் செயற்கைப் புல்தரையும்தான் இல்லை. தோற்ற அன்று இரவு லட்சம் பேர் வசைபாட செல்போனும் இல்லை.

ரசிகருக்கும் ஒரு பங்கு

வருணுக்குப் போன் போட்டு மிரட்டியவர்கள் வேற்றுக்கிரகத்தில் இருந்து வந்தவர்கள் இல்லை. டீம் தோற்றதும் ஒரு மீம், ஒரு கமென்ட் என்று ஆரம்பிப்பதுதான் அங்கே போய் முடிகிறது. ஆட்டத்தை விமர்சிக்கலாம். 'அந்த ஓவரில் லைன் சரியில்லை' என்பது விமர்சனம். வீரரின் வீட்டை, குடும்பத்தை இழுப்பது விமர்சனம் கிடையாது. அனுப்பும் முன் ஒரு கேள்வி போதும்: ஆபீஸில் ஒரு பிரசன்டேஷன் சொதப்பியதற்கு இதே வார்த்தையை ஊரே நம்மிடம் சொன்னால் தாங்குவோமா?

ஆபீஸ் என்றதும் இன்னொன்று. டார்கெட், அப்ரைசல், லே-ஆஃப் பயம், ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் உடல்நிலை எல்லாம் சேர்ந்து அழுத்தும் இளைஞர்களுக்கும் இந்த வீரர்களின் நிலை அந்நியமானது இல்லை. 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் நிறுவனத்தின் காப்பீட்டில் அது எப்படி இருக்கிறது என்று ஹெச்.ஆரிடம் கேட்பது உங்கள் உரிமை. தூக்கம் போய், பசி போய், பிடித்த விஷயம்கூடப் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 'டைம் சரியில்லை' என்று தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மத்திய அரசின் டெலி-மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகிய எண்களில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும் நாட்களில் கோவில்பட்டி கேலரியில் உட்கார்ந்து பார்க்கும் சின்னப் பசங்களில் நாளைய இந்திய வீரர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் விடுதியில் சேரும் நாளில் மட்டையும் ஷூவும் கொடுப்பார்கள். அன்றைக்கே 'கஷ்டமா இருந்தா இவங்ககிட்ட பேசு தம்பி' என்று ஒருவரை அறிமுகப்படுத்தி வைக்கும் ஏற்பாடு வர வேண்டும். விளையாட்டுக்காக இவ்வளவு செலவு செய்யும் மாநிலத்துக்கு அது ஒரு பெரிய வேலை இல்லை.